உர்சுலா கண்டெடுத்த மோதிரம்

1981ஆம் ஆண்டு காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். இலக்கியப் பாடம் நடத்தும் வாத்தியார்களைச் சிரித்துக்கொண்டே குட்டுகிற கட்டுரை அது. அவருடைய மகன் கொன்சாலோ, லண்டனில் தயாரான ஒரு நுழைவுத் தேர்வை எழுதியிருக்கிறான். கேள்வித்தாளில் அப்பாவின் கதையே வந்திருக்கிறது. ஓய்வுபெற்ற கர்னல் ஒருவரும் அவர் வீட்டுச் சேவலும் வருகிற குறுநாவல். அந்தச் சேவல் எதன் குறியீடு என்பது கேள்வி. பையனுக்குக் குறும்பு தாங்கவில்லை. பொன்முட்டையிடும் சேவல் என்று எழுதிவிட்டு வந்துவிட்டான். ஒடுக்கப்பட்ட மக்கள் சக்தியின் குறியீடு என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே எழுதிய மாணவனுக்குத்தான் அதிக மதிப்பெண் கிடைத்தது. அதைக் கேள்விப்பட்ட மார்க்கேஸ் நல்ல வேளை என்று நினைத்துக்கொண்டாராம். முதலில் அவர் யோசித்து வைத்திருந்த முடிவில், கர்னல் அந்தச் சேவலின் கழுத்தைத் திருகிச் சூப் வைப்பதாக இருந்தது. மக்கள் சக்தி மொத்தமும் சட்டிக்குள் போயிருக்கும்.

மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலைப் படித்துவிட்டு வரும் இளைஞர்கள் என்னைப் போன்ற கிழவர்களிடம் கேட்பதும் ஏறக்குறைய இதே மாதிரிக் கேள்விகள்தான். மஞ்சள் பட்டாம்பூச்சிகள் எதைக் குறிக்கின்றன? பன்றிவாலுக்கு என்ன அர்த்தம்? 4 ஆண்டு, 11 மாதம், 2 நாள் விடாமல் பெய்த மழை எதன் அடையாளம்? கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடைகள் இருப்பதுபோல நாவலுக்கும் ஒரு விடைப் பட்டியல் உண்டு, பெரியவர்கள் அதை ஒளித்துவைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறார்கள் என்று அவர்களுக்கு ஒரு சந்தேகம்.

பட்டியல் எதுவும் என்னிடம் கிடையாது. ஆனால் அந்த நாவலுக்குள் ஒரு கிழவி இருக்கிறாள். கண் போன பிறகு தன் வீட்டு மனிதர்களை அவள் மறுபடி முதலிலிருந்து வாசிக்கிறாள். பாத்திரங்களை எப்படிப் புரிந்துகொள்வது, குறியீட்டை எங்கே தேடுவது என்று கேட்பவர்களை நான் அவளிடம்தான் அனுப்பிவைப்பேன். நாவல் வாசிக்க மட்டுமல்லாமல், குடும்பம் நடத்தவும் அவளிடம் பாடம் இருக்கிறது.

அவளிடம் போவதற்கு முன் கதை பிறந்த வீட்டைப் பார்த்துவிடுவோம். கொலம்பியாவின் கரீபியக் கரையோரம் அரகத்தாகா என்றொரு வாழைத்தோட்ட ஊர். 1927 மார்ச் 6 அன்று மார்க்கேஸ் அங்கே பிறந்தார். சின்ன வயதில் வளர்ந்தது தாயைப் பெற்ற தாத்தா பாட்டியிடம். தாத்தா நிக்கோலாஸ் மார்க்கேஸ், 1899 முதல் 1902 வரை நடந்த ‘ஆயிரம் நாள் போர்’ என்ற உள்நாட்டுச் சண்டையில் லிபரல்கள் பக்கம் நின்று போரிட்ட கர்னல். பாட்டி திரான்கிலினா இகுவரான், செத்துப்போனவர்கள் வீட்டுக்குள் நடமாடுவதைப் பற்றி முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் பேசக்கூடியவர். அந்த முகபாவத்தோடு கதை சொன்னால்தான் எடுபடும் என்று தெரிந்த பிறகே தன்னால் இந்த நாவலை எழுத முடிந்தது என்று மார்க்கேஸ் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

நாவலில் நாம் வாயைப் பிளந்துகொண்டு படிக்கிற பல விஷயங்கள் அந்த வீட்டுக்குள் நடந்தவை. ரெபேக்கா மண்ணைத் தின்கிறாள்; மார்க்கேஸின் தங்கை மார்கோட் சிறுவயதில் மண் தின்றவர். அமரந்தா தன் பிணத்துக்குப் போர்த்தும் துணியைத் தானே தயாரிக்கிறாள். அந்த வீட்டிலிருந்த பிரான்சிஸ்கா என்ற உறவுக்காரப் பெண்மணி அதைச் செய்திருக்கிறார். மெக்கானிக் மௌரீசியோ பாபிலோனியா போகிற இடமெல்லாம் மஞ்சள் பட்டாம்பூச்சிகள் கூடவே போகின்றன. அரகத்தாகா வீட்டுக்கு மின்சார வேலை செய்யும் ஆள் ஒருவர் வந்துபோவார், அவர் வரும்போதெல்லாம் மஞ்சள் பட்டாம்பூச்சியும் வந்துவிடுகிறது என்று பாட்டி துணியை வீசி அதை விரட்டிக்கொண்டிருப்பாராம். நாவலின் தொடக்கத்திலேயே வரும் பனிக்கட்டியும் அப்படித்தான். பனிக்கட்டியைப் பார்த்ததில்லை என்று பேரன் சொன்னதும் தாத்தா அவனை வாழைக் கம்பெனியின் பண்டகசாலைக்குக் கூட்டிப்போனார். உறைந்த மீன் பெட்டி ஒன்றைத் திறக்கச் சொல்லி அவன் கையை அதற்குள் வைக்கச் செய்தார்.

நாம் குறியீடு என்று அழைக்கும் ஒவ்வொன்றும் ஆதியில் ஒரு வீட்டில் ஒருவர் செய்த காரியம். ஒரு பழக்கம், ஒரு பயம், ஒரு கோபம். யார் செய்தார்கள், எந்த வேளையில் செய்தார்கள், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கவனித்தால் அதன் பொருள் தன்னால் வெளியே வரும். அதை மனிதரிடமிருந்து பிய்த்தெடுத்துத் தனியே வைத்துப் பார்த்தால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கலாம், வேறு பயனில்லை.

இரண்டு இடங்களைப் பார்ப்போம்.

பேரழகி ரெமேதியோஸ் வானத்துக்குப் போகும் பிற்பகல். புயேந்தியா குடும்பத்து மருமகள் பெர்னாண்டா, தோட்டத்தில் தன் படுக்கை விரிப்புகளை மடிப்பதற்கு வீட்டுப் பெண்களை உதவிக்குக் கூப்பிடுகிறாள். ஆளுக்கொரு முனையைப் பிடித்திருக்கிறார்கள். லேசாக ஒரு காற்று வீசுகிறது. ரெமேதியோஸ் தரையைவிட்டு எழும்புகிறாள், விரிப்புகளோடு. பெரும்பாலான வாசகர்கள் மேலே போகிறவளையே பார்த்துக்கொண்டிருந்துவிடுகிறார்கள். நான் கீழே நிற்பவர்களைப் பார்க்கச் சொல்வேன். அமரந்தா விழுந்துவிடாமல் இருக்கத் துணியை இறுகப் பிடிக்கப் பார்க்கிறாள். பார்வை அநேகமாகப் போய்விட்ட அவள் தாய், மூதாட்டி உர்சுலாவுக்கு மட்டும் அது என்ன காற்று என்று தெரிகிறது. கையிலிருந்த துணியை விட்டுவிடுகிறாள். வெளியூர்க்காரர்கள், பெண் எவனோடோ ஓடிப்போயிருப்பாள், மானம் காக்கக் குடும்பம் கதை கட்டுகிறது என்று பேசுகிறார்கள். பெர்னாண்டா பொறாமையில் வெந்துகொண்டே அற்புதத்தை ஒப்புக்கொள்கிறாள். ஆனால் வெகுகாலம்வரை அவள் கடவுளிடம் வேண்டிக்கொண்டது தன் விரிப்புகளைத் திருப்பித் தரச் சொல்லித்தான்.

மார்க்கேஸின் ஊரில் ஒரு பெண்மணி, விடியற்காலையில் ஓடிப்போன தன் பேத்தி வானத்துக்குப் போய்விட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாராம். கதையின் விதை அதுதான். நாவலாசிரியர் அந்தப் பாட்டியின் பொய்யை உண்மையாக்கிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அந்த உண்மையின் முன் ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். பிடித்துக்கொள்பவள், விட்டுவிடுபவள், வம்பு பேசுபவர்கள், கணக்குக் கேட்பவள். ஒரு நிமிடத்தில் ஒரு குடும்பமே தெரிந்துவிடுகிறது. நம் வீடுகளில் யாரும் பறப்பதில்லை என்றாலும் ஒரு சாவோ ஒரு கல்யாணமோ வந்தால் இந்த வேலை நடந்துவிடும்.

இன்னோர் இடம், இரத்தம் வீடு தேடி வருவது. மூத்த மகன் ஹோஸே அர்க்காதியோ தன் வீட்டில் சுடப்பட்டுச் சாகிறான். சுட்டது யார் என்று கடைசிவரை தெரியாது. அவன் காதிலிருந்து கிளம்பும் இரத்தக்கோடு கதவிடுக்கால் வெளியேறித் தெருவில் இறங்குகிறது. படி ஏறி, படி இறங்கி, திருப்பங்களில் திரும்பி, பிறந்த வீட்டுக்குள் நுழைகிறது. கூடத்தில் விரிப்புகள் கறைபடக் கூடாதென்று சுவரோரமாக ஒதுங்கிப் போகிறது. பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும் அமரந்தாவின் நாற்காலிக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் நழுவுகிறது. சமையலறையில் ரொட்டிக்காக 36 முட்டைகளை உடைக்கப் போகும் தாய் உர்சுலாவின் முன் வந்து சேர்கிறது.

இரத்த பந்தத்தின் குறியீடு என்று ஒரே வரியில் இதை முடித்துவிடலாம். ஆனால் கொஞ்சம் முன்னால் புரட்டிப் பாருங்கள். தங்கை போல வளர்ந்த ரெபேக்காவை அவன் கல்யாணம் செய்துகொண்டதால் இனி வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று இதே தாய் இருவரையும் தள்ளிவைத்திருந்தாள். ஊரே அஞ்சிய முரட்டு ஆள் அவன். வாழ்நாளில் எதற்கும் ஒதுங்கிப் போகாதவன். அவனுடைய இரத்தம், தடைசெய்யப்பட்ட வீட்டுக்குள் அம்மாவின் விரிப்பைப் பாழாக்காமல் ஓரமாக நடந்து வருகிறது. தாய்க்கும் மகனுக்கும் நடுவே பேசித் தீர்க்காமல் கிடந்த அத்தனையும் அந்தச் சுவரோரத்தில் இருக்கிறது. இதைப் பார்க்காமல் இரத்தத்துக்கு அர்த்தம் தேடி என்ன பிரயோஜனம்?

அடுத்தது பெயர்கள். இந்த நாவலைப் பாதியில் மூடிவைத்தவர்கள் சொல்லும் முதல் காரணம் இதுதான். ஏழு தலைமுறையிலும் அவ்ரேலியானோக்கள், ஹோஸே அர்க்காதியோக்கள். கர்னல் அவ்ரேலியானோ புயேந்தியாவுக்கு 17 பெண்களிடம் பிறந்த 17 பிள்ளைகளுக்கும் அவ்ரேலியானோ என்றே பெயர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நமக்கு இது அத்தனை அந்நியமாகப் படக் கூடாது.

உர்சுலாவே இந்தக் குழப்பத்துக்கு ஒரு சூத்திரம் கண்டுபிடிக்கிறாள். அவ்ரேலியானோ என்று பெயர் வைத்தவன் ஒதுங்கியிருப்பான், புத்திசாலியாக இருப்பான். ஹோஸே அர்க்காதியோ முன்பின் யோசிக்காமல் பாய்வான், வாழ்க்கை சோகத்தில் முடியும். வாசகனுக்கு அப்பாடா என்றிருக்கும், பிடி கிடைத்துவிட்டது. உடனே மார்க்கேஸ் ஓர் இரட்டைப் பிறவியைக் கொண்டுவந்து அந்தப் பிடியைத் தளர்த்திவிடுகிறார். சின்ன வயதில் ஒருவன் சட்டையை மற்றவன் போட்டுக்கொண்டு, ஒருவன் பெயரை மற்றவன் சொல்லி ஏமாற்றி விளையாடிய பிள்ளைகள். விளையாட்டில் எங்கேயோ ஆளே மாறிப்போய்விட்டதோ என்று பிற்பாடு உர்சுலாவுக்கே சந்தேகம் வருகிறது. ஏனென்றால் அவ்ரேலியானோ செகுந்தோ ஆடிப்பாடிச் செலவழிக்கிறான். ஹோஸே அர்க்காதியோ செகுந்தோ ஓர் அறைக்குள் ஒடுங்கிச் சுவடி படிக்கிறான். இருவரும் ஒரே நேரத்தில் சாகிறார்கள். குடித்துவிட்டு வந்த நண்பர்கள் பெட்டிகளை மாற்றிப் புதைத்துவிடுகிறார்கள். பெயர் செய்த தவறைக் குழி சரிசெய்ததா, இல்லை இன்னொரு தவறு செய்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

“அப்படியே அப்பன் புத்தி.” “அந்தக் குடும்பத்து ரத்தமே அப்படி.” “மூத்தது எப்போதும் மந்தம்.” எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறேன்! ஐந்து வயதில் குழந்தையின் நெற்றியில் ஒட்டிய சீட்டை ஐம்பது வயதுவரை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. பெற்றவர்கள்தான் அதிகமாக ஒட்டுகிறோம், அன்போடு வேறு ஒட்டுகிறோம்.

இனி உர்சுலாவிடம் போவோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று நம் ஊரில் கேட்பார்கள். இவளுக்குக் கண் கெட்ட பிறகுதான் விடிகிறது.

நூறு வயதைத் தாண்டிய உர்சுலாவுக்குப் பார்வை போய்விடுகிறது. அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பயனற்றவள் என்று மூலையில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பொருள்கள் இருக்கும் இடங்களையும், ஆட்களின் குரல்களையும், வாசனைகளையும் மனப்பாடம் செய்கிறாள். ஊசியில் நூல் கோக்கிறாள். பால் பொங்கப் போகும் நேரத்தை வாசனையில் அறிகிறாள். ஒருநாள் தாழ்வாரத்தில் தைத்துக்கொண்டிருந்த அமரந்தாவின் மேல் இடித்துக்கொள்கிறாள். வழக்கமாக அமரந்தா அங்கே உட்காருவதில்லையே என்று யோசித்தவளுக்கு விஷயம் பிடிபடுகிறது: வருஷம் நகர நகர வெயில் விழும் இடம் மாறுகிறது, உட்காருபவர்களும் தம்மை அறியாமல் இடம் மாறுகிறார்கள். அதன்பின் அன்று என்ன தேதி என்று நினைவிருந்தால் போதும். அமரந்தா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லிவிடுவாள்.

மோதிரம் கிடைத்த கதை இன்னும் நேர்த்தி. பெர்னாண்டாவின் கல்யாண மோதிரம் தொலைந்துவிடுகிறது. அவள் தினமும் புழங்கும் இடங்களிலெல்லாம் தேடி ஓய்ந்துபோகிறாள். உர்சுலா தேடவில்லை, யோசித்தாள். வீட்டில் ஒவ்வொருவரும் தினமும் ஒரே வழியில் நடக்கிறார்கள், ஒரே வேலையைச் செய்கிறார்கள், ஏறக்குறைய ஒரே வார்த்தைகளைப் பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். வழக்கத்தை விட்டு விலகும்போதுதான் பொருள் தொலைகிறது. அன்று பெர்னாண்டா புதிதாகச் செய்தது என்ன? முதல்நாள் இரவு மகள் மெமேயின் படுக்கையில் மூட்டைப்பூச்சி இருந்ததால் மெத்தைகளை வெயிலில் போட்டாள். பிள்ளைகள் கூடவே நின்றார்கள். அப்படியானால் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் மோதிரத்தைக் கழற்றி வைத்திருப்பாள். எட்டாத இடம் ஒன்றே ஒன்று, சுவர்த்தட்டு. மோதிரம் அங்கே இருந்தது.

வீட்டிலுள்ள கண் தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் அகப்படாதது அவளுக்கு அகப்பட்டதற்குக் காரணம், மற்றவர்கள் தொலைந்த பொருளைத் தேடினார்கள். அவள் தொலைத்த ஆளைத் தொடர்ந்தாள். ஒருவருடைய வழக்கம் என்ன, அது எந்த இடத்தில் முறிகிறது, முறிந்ததற்கு எது காரணம்? இந்த மூன்றையும் பார்த்தால் பாத்திரம் பிடிபடும். நாவல் படிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழிமுறை எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது.

மோதிரத்தோடு அவள் நிறுத்திக்கொள்ளவில்லை. அதே அமைதியோடு தன் பிள்ளைகளை ஒவ்வொருவராக எடுத்துவைத்துப் பார்க்கிறாள். வேலை மும்முரத்தில் ஒருகாலத்தில் பார்க்க நேரமில்லாமல் போனவற்றைப் பார்க்கிறாள். கர்னல் அவ்ரேலியானோ, 32 முறை ஆயுதம் ஏந்திக் கிளம்பி 32 முறையும் தோற்றவன். போர்தான் அவன் மனதைக் கல்லாக்கியது என்று நம்பியிருந்தாள். இப்போது தெரிகிறது: அவன் யாரையுமே நேசித்ததில்லை, இளம் மனைவியைக்கூட. கொள்கைக்காகப் போரிடவும் இல்லை, களைப்பால் கைவிடவும் இல்லை. ஜெயித்ததும் தோற்றதும் வெறும் கர்வத்தால். யாருக்காக உயிரையே கொடுத்திருப்பாளோ அந்த மகன் நேசிக்கத் தெரியாத ஒரு மனிதன், அவ்வளவுதான். இந்த முடிவுக்கு வந்ததும் அவளுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை காலம் கொடுக்காமல் வைத்திருந்த இரக்கம் மொத்தமும் வந்துவிடுகிறது.

கர்னலின் தங்க மீன்களை இந்த இடத்தில் சேர்த்துப் பாருங்கள். போரை விட்டு வீட்டுப் பட்டறையில் அடைந்துகொண்டு தங்கத்தில் குட்டி மீன்கள் செய்கிறான். விற்றுத் தங்கக் காசு வாங்கி, அந்தக் காசை உருக்கி மறுபடி மீன் செய்கிறான். இது என்ன வியாபாரம் என்று உர்சுலாவுக்குத் தலை சுற்றுகிறது. பிற்பாடு விற்பதையும் நிறுத்திவிடுகிறான். நாளுக்கு இரண்டு மீன்; 25 சேர்ந்ததும் எல்லாவற்றையும் உருக்கிவிட்டுத் திரும்ப முதலிலிருந்து. வரலாறு வட்டமாகச் சுழல்கிறது என்பதற்குக் குறியீடு என்று எழுதுவார்கள். இருக்கட்டும். என் கண்ணில் படுவது மீனுக்குச் செதில் கோக்கும் கை. செதில் கோப்பதற்கு அத்தனை கவனம் வேண்டும். அந்தக் கவனத்தில் நினைக்க வேண்டிய எதையும் நினைக்காமல் இருந்துவிடலாம். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆண்கள் பலரை இந்தப் பட்டறையில் நான் பார்த்திருக்கிறேன். தினமும் பழைய கோப்புகளை அடுக்கிக் கலைத்து அடுக்குவார்கள். பக்கத்து அறையில் மனைவி இருப்பாள்.

அமரந்தாவின் விஷயத்தில் உர்சுலாவின் தீர்ப்பு இதைவிடத் தலைகீழாகப் புரள்கிறது. இத்தாலிக்காரன் பியத்ரோ கிரெஸ்பியை ஆசைகாட்டி மறுத்து, அவன் மணிக்கட்டை அறுத்துக்கொண்டு செத்த பிறகு தன் கையை அடுப்புக் கங்கில் வைத்துப் பொசுக்கிக்கொண்டவள் அமரந்தா. சாகும்வரை அந்தக் கையில் கறுப்புத் துணி. அடுத்து கர்னல் ஹெரினெல்தோ மார்க்கேஸையும் வருடக்கணக்கில் காக்கவைத்து மறுத்தாள். பழிவாங்குகிறவள், நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று வீடும் வாசகர்களும் சேர்ந்து முடிவுகட்டிவிட்டோம். இருட்டில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு வேறொன்று தெரிகிறது. அவளைவிட மென்மையானவள் அந்த வீட்டில் இருந்ததில்லை, அளவில்லாத அன்பும் வெல்ல முடியாத கோழைத்தனமும் அவளுக்குள் சாகும்வரை மல்லுக்கு நின்றன, பயம் ஜெயித்தது. கறுப்புத் துணி இப்போது வேறு மாதிரித் தெரிகிறது, இல்லையா? துணி மாறவில்லை. வாசிப்பவர் மாறியிருக்கிறார்.

பெர்னாண்டாவைக்கூட நாவல் கைவிடவில்லை. ராணியாக வளர்க்கப்பட்ட திமிர். மகள் மெமேயைக் கன்னிமடத்தில் அடைத்த கொடுமை. அவள் ஏற்பாட்டால் மௌரீசியோ கோழித் திருடன் என்று சுடப்பட்டு முடமானது. மன்னிக்க ஒன்றுமில்லை என்று தோன்றும். கடைசிக் காலத்தில் காலியான வீட்டில் அவள் தன் பழைய ராணி உடையை, பூச்சி அரித்த அந்த அங்கியை, எடுத்து உடுத்திக் கண்ணாடி முன் நிற்கிறாள். பார்ப்பவர்கள் பைத்தியம் என்பார்கள். ஆனால் அந்த உடை அவளுக்கு நினைவுகளைக் கொண்டுவரும் கருவி. முதல் தடவை உடுத்தியபோது, தன்னை ராணியாக்க அழைத்துப்போக வந்த அதிகாரியின் பூட்ஸ் மெருகு வாசனை திரும்ப வந்து அவள் கண் நிறைந்துவிடுகிறது. அவள் செய்ததை நாவல் நியாயப்படுத்தவில்லை. அவளும் மனுஷிதான் என்று ஒரு பக்கம் ஒதுக்கிக் காட்டிவிட்டுப் போகிறது. குடும்பத்தில் நமக்குப் பிடிக்காதவர்களுக்கு அந்த ஒரு பக்கத்தை நாம் ஒதுக்குகிறோமா?

எல்லாவற்றுக்கும் மேலாக ரெபேக்கா. பெற்றோரின் எலும்புகளை ஒரு பையில் சுமந்துகொண்டு அநாதையாக வந்த சிறுமி. மண்ணையும் சுவர்ச் சுண்ணாம்பையும் தின்று வளர்ந்தவள். தன் பாலைக் குடிக்காத அந்தப் பெண்ணுக்குத்தான், தன் வம்சத்துக்கு வாய்க்க வேண்டும் என்று ஆசைப்பட்ட தைரியம் வாய்த்திருந்தது என்று உர்சுலாவுக்கு உறைக்கிறது. சுவரைத் தடவி நடந்துகொண்டே, ரெபேக்காவுக்கு அநியாயம் செய்துவிட்டோம் என்று வாய்விட்டுச் சொல்கிறாள். வீட்டிலிருப்பவர்கள் கிழவிக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்த இடத்தை முதுமையில் படித்துப் பாருங்கள், நெஞ்சை அறுக்கும். வாழ்நாளில் அவள் சொன்ன மிகத் தெளிவான வார்த்தைக்கு வீடு வைத்த பெயர் புத்தித் தடுமாற்றம். அதே வீட்டில் இன்னொருவனுக்கும் இதுவே நடக்கிறது. வாழைக் கம்பெனி வேலைநிறுத்தத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களை ஏறக்குறைய 200 பெட்டிகள் கொண்ட ரயிலில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தவன் ஹோஸே அர்க்காதியோ செகுந்தோ. 3,000 பேர் என்கிறான். ஊர் இங்கே யாருமே சாகவில்லை என்கிறது. இதற்குப் பின்னால் உள்ளது நடந்த சம்பவம்: 1928 டிசம்பர் 6 அன்று சியேநகா ரயில் நிலையத்தருகே யுனைடெட் ஃப்ரூட் கம்பெனித் தொழிலாளர்கள்மேல் ராணுவம் சுட்டது. எத்தனை பேர் செத்தார்கள் என்பது இன்றுவரை தீராத வழக்கு. ஓர் ஊர் தன்னையே மறந்துபோவதற்கும், ஒரு குடும்பம் தன் பெண் ஒருத்தியை மறந்துபோவதற்கும் முறை ஒன்றுதான். நினைவு வைத்திருப்பவர்களுக்குப் பைத்தியப் பட்டம் கட்டிவிட்டால் போதும்.

குடும்பத்தின் கதையை முழுசாகப் படித்துத் தெரிந்துகொள்கிறவன் கடைசி வாரிசு அவ்ரேலியானோ. நாடோடி மெல்குயாதெஸ் எழுதிவைத்த சுவடிகள் சமஸ்கிருதத்தில் இருக்கின்றன. அதற்காக அந்த மொழியைக் கற்று, உள்ளே இருக்கும் சங்கேதங்களையும் அவிழ்க்கிறான். நூறு ஆண்டுச் செய்திகளும் அதில் இருக்கின்றன. தான் யார், தான் காதலித்தவள் தனக்கு என்ன உறவு என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. ஆனால் அவளும் செத்துவிட்டாள், குழந்தையும் போய்விட்டது. வாசிப்பு முழுமையடைகிறது, யாரிடம் போய்ச் சொல்வது? அவனைவிட உர்சுலா கொடுத்துவைத்தவள். அவள் சரியாக வாசித்தபோது கர்னலும் அமரந்தாவும் ரெபேக்காவும் உயிரோடு இருந்தார்கள்.

இருந்தும் அவள் சுவரிடம்தான் சொன்னாள். அதே ஊரில், கதவைச் சாத்திக்கொண்டு தனியே கிடந்த ரெபேக்காவின் வீட்டுக்கு அந்த வார்த்தை போய்ச் சேரவில்லை. கொள்ளுப்பேரன் அவ்ரேலியானோ செகுந்தோ ஒருமுறை அவளை அழைத்துவரப் பார்த்தான். அவள் வர மறுத்துவிட்டாள். தனிமையை அவள் பாடுபட்டுச் சம்பாதித்திருந்தாள்; வயதான காலத்தில் இரக்கத்துக்காக அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. நியாயம்தான்.

இளைஞர்களுக்கு நான் சொல்வது இரண்டே விஷயம். காலச்சுவடு வெளியீடாக சுகுமாரனும் ஞாலன் சுப்பிரமணியனும் தந்த தமிழாக்கம் கடையில் கிடைக்கிறது. முதல் தடவை கதைக்காகப் படியுங்கள். இரண்டாம் தடவை உர்சுலாவின் பின்னாலேயே நடந்துபோய்ப் படியுங்கள். ஒவ்வொரு பாத்திரத்தைப் பற்றியும் முதல் வாசிப்பில் நீங்கள் என்ன முடிவு செய்தீர்கள் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்திருந்தால் இன்னும் நல்லது. பாதியையாவது அழிக்க வேண்டிவரும்.

அடுத்தது, அந்தப் பென்சிலை வீட்டுக்கும் எடுத்துப்போங்கள். “அவன் அப்படித்தான்” என்று நீங்கள் முடித்துவைத்த ஓர் ஆள் நிச்சயம் இருப்பார். பேசாமல் இருக்கும் அண்ணனாக இருக்கலாம், எரிந்துவிழும் அத்தையாக இருக்கலாம், எப்போதோ தள்ளிவைத்த ஓர் உறவாக இருக்கலாம். அவருடைய வழக்கம் எங்கே முறிந்தது, முறிந்த அன்று என்ன நடந்தது என்று யோசியுங்கள். பதில் கிடைத்தால் அதைச் சுவரிடம் சொல்லாமல் அவரிடமே போய்ச் சொல்லுங்கள். அவர் கதவைத் திறக்காமல் போகலாம், ரெபேக்கா திறக்கவில்லை. திறக்காமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு. போகாமல் இருக்க நமக்கு அந்த உரிமை கிடையாது.